மூன்றாவது விசில்

போன மாதம் சேலையூரில் ஒரு மனநல கிளினிக்கில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எட்டுப் பத்து பேர், எல்லோரும் சின்ன வயசு சைக்காலஜிஸ்டுகள். இப்போதெல்லாம் நோயாளி வீட்டிலிருந்தபடியே போனில் சிகிச்சை எடுத்துக்கொள்கிறார். பயம் எவ்வளவு என்பதைத் திரையில் விரலால் தேய்த்துக் காட்டிவிடுகிறார். "இது எதுவும் இல்லாம ஓசிடியை எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார்கள். அரை மணி நேரம் சொன்னேன். கைதட்டினார்கள், வடை கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. நன்றாக நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, நான் சொதப்பியதை மட்டும் முழுங்கிவிட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு உபயோகமாக இருந்திருக்கக் கூடியது அது ஒன்றுதான். அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் நர்ஸ். ஆண் நர்ஸை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'பிரதர்' என்பார்கள். டாக்டரிலிருந்து வாட்ச்மேன்வரை எல்லோருக்கும் நான் பிரதர். கோபம் வந்தால் என் மனைவியும் அப்படிக் கூப்பிட்டு என்னைக் கடுப்பேற்றுவாள்.

மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷ மனநலப் பயிற்சி, அப்புறம் தாம்பரத்தை ஒட்டி ஒரு தனியார் மனநல ஆஸ்பத்திரியில் வேலை. முதல் எட்டு வருஷம் ஊசி போட்டேன், மாத்திரை கொடுத்தேன், முரண்டு பிடித்தவர்களைப் பிடித்தேன். ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய்க்காரர்கள் கத்த மாட்டார்கள், அடிக்க மாட்டார்கள். குழாயடியில் நிற்பார்கள். பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். நன்றாகப் படித்த, நன்றாகப் பேசுகிற ஆட்கள் இப்படி நடந்துகொள்வதைப் பார்த்தால் கொழுப்பு என்றுதான் எனக்குத் தோன்றும். ஒரு காலேஜ் வாத்தியாரிடம், "டேங்க் காலியாவுற வரைக்கும் கழுவுவீங்களா சார்?" என்று கேட்டிருக்கிறேன். அவர் அழுதார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் சகுந்தலா மேடம் வந்தார். பெங்களூரில் படித்த சைக்காலஜிஸ்ட், என்னைவிட ஆறு வயது இளையவர். எனக்கு அவர்தான் மேலதிகாரி என்றபோது கொஞ்சம் கசந்தது. சத்தமாகப் பேச மாட்டார். யாரையும் தட்டிக்கொடுக்க மாட்டார். எதைச் சொன்னாலும் முதலில் "அப்படியா? எத்தனை தடவை?" என்று கேட்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார் என்றால் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

வந்த வாரத்திலேயே வார்டு ஊழியர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார். இந்த வாரம் தானாக மனதில் வந்த, வெளியே சொல்ல வெட்கமான ஒரு எண்ணத்தை எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றார். எழுதிப் போட்டோம். ஒவ்வொன்றாகப் படித்தார். தாம்பரம் பிளாட்பாரத்தில் மின்சார ரயில் வரும்போது முன்னால் நிற்பவரைத் தள்ளிவிட்டால் என்ன? குழந்தையைக் குளிப்பாட்டும்போது தண்ணீருக்குள் அமுக்கிவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஐயர் பிரசங்கம் செய்யும்போது எழுந்து நின்று கெட்ட வார்த்தை கத்தினால்? கடைசியாகச் சொன்னது என்னுடையது. தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு நோயாளிகள் சொன்னவற்றையும் அதே மாதிரிச் சீட்டுகளில் எழுதி, எங்களுடையதோடு கலக்கி மேஜைமேல் பரப்பினார். "எது நம்மோடது, எது அவங்களோடதுன்னு பிரிச்சு வைங்க" என்றார். பத்து நிமிஷம் முயன்றோம். பிரிக்க முடியவில்லை.

"எண்ணம் எல்லாருக்கும் வருது பிரதர். நமக்கு வந்துட்டுப் போயிடுது. அவங்க அதை உக்கார வச்சு விசாரிக்கிறாங்க" என்றார் மேடம்.

எட்டு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருந்தவர்களை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். எண்ணம் வருகிறது, பயம் வருகிறது. பயம் போக ஏதோ ஒன்றைச் செய்கிறார்கள்: கழுவுகிறார்கள், பூட்டைப் பார்க்கிறார்கள், யாரிடமாவது கேட்கிறார்கள். பயம் சட்டென்று தணிகிறது. தப்பித்தது அந்தச் செய்கையால்தான் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. அடுத்த தடவை அதையே இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறது. எண்ணத்தை விரட்டச் செய்கிற வேலைதான் எண்ணத்தை வளர்க்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது.

சலவை அறைக்குப் பக்கத்தில் மேடத்துக்கு ஒரு அறை ஒதுக்கினார்கள். அதில் ஒரு தட்டு மண், பழைய செருப்புகள், ஒரு குப்பைத்தொட்டி, இரண்டு பூட்டு இருக்கும். நோயாளிகள் அதற்கு 'அழுக்கு ரூம்' என்று பெயர் வைத்தார்கள். பயப்படும் விஷயத்தை நூறு மார்க்குக்கு மதிப்புப் போட்டு, குறைந்த மார்க்கிலிருந்து ஏணிப்படி மாதிரி அடுக்குவார். நோயாளி அந்தப் படியில் ஏறி நிற்க வேண்டும், பயத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்வதைச் செய்யக் கூடாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்து "எத்தனை?" என்பார். தொண்ணூறு, தொண்ணூறு, எண்பத்தைந்து, எழுபது. ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் பயம் தானாக இறங்கும். நான் அதை நம்பவில்லை. கண்ணால் பார்த்த பிறகும் நாலைந்து பேருக்குச் சந்தேகத்தோடுதான் குறித்துவைத்தேன்.

அவருக்கு இரண்டு சட்டம். நோயாளியைச் செய்யச் சொல்வதை முதலில் நாம் செய்ய வேண்டும். அந்தக் காலேஜ் வாத்தியார் எதிரில் மேடம் குப்பைத்தொட்டி மூடியை உள்ளங்கையால் அழுத்தித் தடவி, அதே கையால் பன்னைப் பிய்த்துத் தின்றார். என் பக்கம் தட்டை நகர்த்தினார். நான் தின்ற பன்னின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. இரண்டாவது சட்டம், அந்த அறைக்குள் யாரும் 'ஒண்ணும் ஆகாது, கவலைப்படாதீங்க' என்று சொல்லக் கூடாது. "அதைச் சொன்னா நீங்களே அவருக்குக் குழாய்த் தண்ணி ஆயிடுவீங்க" என்பார்.

முதல் சட்டத்துக்குப் பழகிவிட்டேன். இரண்டாவது என் குணத்துக்கே விரோதம். நர்ஸ் என்றாலே அந்த வாக்கியம்தானே! ஊசிக்கு முன்னால் அதைத்தான் சொல்வோம், மயக்க மருந்துக்கு முன்னால் அதைத்தான் சொல்வோம்.

கோதண்டம் வந்தது அதற்கடுத்த வருஷம். தாம்பரத்திலிருந்து படப்பை போகும் பஸ்ஸின் டிரைவர். நாற்பது தாண்டிய வயது, கட்டை மீசை, கசங்காத காக்கி. அவரைக் கூட்டி வந்தவர் அதே பஸ்ஸின் கண்டக்டர், பல்லாவரத்துக்காரர் காதர் பாஷா. பேசியதெல்லாம் அவர்தான்.

"பிரதர், இவுரு மாதிரி டிரைவரு அந்த ரூட்லயே கெடையாது. இருவது வருஷத்துல ஒரு கோயியக்கூட ஏத்துனதில்ல. இப்ப ரெண்டு மாசமா, டூட்டி முடிஞ்சி மத்தியானம் வண்டிய வுட்டதும் சைக்கிள எடுத்துகினு படப்பை வரிக்கும் போறாரு. இன்னாத்துக்குன்னு நீங்களே கேளுங்க."

கேட்டேன். கோதண்டம் தரையைப் பார்த்தபடி, "யாராவது அடிபட்டு வுழுந்து கீறாங்களான்னு பாக்க" என்றார்.

மழை நாளில் கரசங்கால் பக்கம் சக்கரம் எதன்மேலோ 'தடக்' என்று ஏறி இறங்கியிருக்கிறது. குழந்தையாக இருக்குமோ என்று ஒரு எண்ணம். இறங்கிப் பார்த்தார், வெறும் பள்ளம். அன்று நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் இரண்டு பள்ளத்தில் அதே எண்ணம். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும். அந்த ரோட்டில் பள்ளத்துக்கா பஞ்சம்? தினமும் இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிற புருஷனுக்குப் படப்பையில் சின்ன வீடு இருக்கிறது என்று அவர் மனைவி முடிவுகட்டி, ஒரு வாரமாகப் பேச்சை நிறுத்தியிருந்தார்.

"டிரிப்பு நடுவுல எறங்கிப் பாக்க முடியாதில்ல, அதுக்கு நாங்க ஒரு வழி கண்டுபுடிச்சோம்" என்றார் பாஷா, கொஞ்சம் பெருமையாக. "ஒரு விசிலு அடிச்சா நிறுத்து, ரெண்டு அடிச்சா கெளம்பு. இது ஊருக்கே தெரியும். எங்களுக்குன்னு மூணாவதா ஒண்ணு. வண்டி எதுலயாவது ஏறி எறங்குனா நான் பின்படிக்கட்டுல தொங்கி ரோட்டப் பாப்பேன். யாரும் இல்லன்னா சின்னதா ஒரு 'கீச்'. அவ்ளோதான், அண்ணன் மூஞ்சி தெளிஞ்சிடும்."

நாள் போகப்போக ஒரு 'கீச்' போதவில்லை. இரண்டு தேவைப்பட்டது. மண்ணிவாக்கம் ஸ்டாப்புக்கு முன்னால் ஒரு பள்ளம். பஸ் நின்று ஒரு அம்மா இறங்கிக்கொண்டிருந்தபோது பாஷா பாக்கியிருந்த இரண்டு 'கீச்'சை அவசரமாகக் கொடுத்திருக்கிறார். கோதண்டம் அதைக் கிளம்பச் சொல்லும் விசில் என்று எடுத்துக்கொண்டு வண்டியை நகர்த்திவிட்டார். அந்த அம்மா விழுந்து முட்டியில் சிராய்ப்பு. இருபது வருஷத்தில் அவர் வண்டியால் ஒருவர் விழுந்தது அதுதான் முதல் தடவை, அதுவும் யாரும் விழக் கூடாது என்று வைத்த விசிலால். டிப்போவில் மெமோ கொடுத்துவிட்டார்கள். இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி, ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கொண்டு வண்டி கழுவும் வேலையில் போட்டுவிடுவார்கள்.

"வண்டி ஓட்டறதத் தவுர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது பிரதர்" என்றார் கோதண்டம். அவர் அன்று சொன்ன நீளமான வாக்கியம் அதுதான்.

பாஷாவின் விசிலைக் கேட்டு எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட சிநேகம் என்று மேடத்திடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்ல மனுஷன். ஆனா நோய்க்குச் சோறு போட்டு வளர்க்கிறது அந்த விசில்தான்" என்றார்.

டாக்டர் மாத்திரை எழுதினார். கோதண்டம் மெடிக்கல் லீவு போட்டார். மேடம் நேராகச் சிகிச்சையில் இறங்கவில்லை. தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் போய் நின்று, ஐந்து டிரைவர்களிடம் நோட்டும் கையுமாக ஒரே கேள்வியைக் கேட்டார்: சக்கரத்துக்கு அடியில் 'தடக்' என்றால் என்ன செய்வீர்கள்? "கண்ணாடில ஒரு தபா பாப்பேன் மேடம், அவ்ளோதான்" என்றார்கள் நாலு பேர். "ரோடு போட்டவன திட்டுவேன்" என்றார் ஐந்தாவது ஆள். மேடம் அதையும் எழுதிக்கொண்டார். கோதண்டத்துக்கான விதி இப்படித்தான் வந்தது: கண்ணாடியில் ஒரு பார்வை, அதற்குமேல் கிடையாது. திட்டுவது அவரவர் விருப்பம்.

ஆஸ்பத்திரி வேனில் ஆரம்பித்தோம். முதல் படி, காம்பவுண்டுக்குள் மணல் நிரப்பிய கோணிப்பைமேல் ஏற்றி இறக்கிவிட்டு இறங்கிப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பது. அதற்கே நாற்பது மார்க். பிறகு முடிச்சூர் ரோடு. பிறகு பள்ளிக்கூடம் விடும் நேரம். கடைசிப் படி, தொண்ணூற்றைந்து மார்க், கரசங்கால் பள்ளம். மேடம் முன்சீட்டில் கடிகாரத்தோடு, நான் பின்னால் நோட்டோடு. சட்டப்படி முதலில் நான் கோணிமேல் ஓட்ட வேண்டியிருந்தது. எனக்கு வேன் ஓட்டச் சுமாராகத்தான் வரும். கோதண்டம் அந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

ஓட்டி முடித்ததும் நோட்டில் அவர் கைப்பட எழுத வேண்டும்: 'நான் இன்று யாரையாவது இடித்திருக்கலாம். இடிக்காமலும் இருந்திருக்கலாம். நிச்சயமாக எனக்குத் தெரியாது. தெரியாமலே வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் போகிறேன்.' முதல் நாள் மூன்றாவது வாக்கியத்தில் அவர் கை நின்றுவிட்டது. பேனாவை வைத்துவிட்டு அழுதார். மேடம் தேற்றவில்லை. "எத்தனை?" என்று மட்டும் கேட்டார். அவர் மேல் எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் மார்க் இறங்கியது. ஐந்து வாரத்தில் கரசங்கால் பள்ளம் நாற்பதுக்கு வந்தது. கோதண்டம் வேலைக்குத் திரும்பினார். மூன்றாவது விசிலை விட்டுவிடுவதாகப் பாஷா மேடத்துக்கு வாக்குக் கொடுத்தார்.

இனி என் கதை.

என் வீடு முடிச்சூரில், அதே பஸ் ரூட்டில். காலை ஆறரைக்குச் சைக்கிளில் கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வருவேன். கோதண்டத்தின் முதல் டிரிப் ஐந்து மணிக்கே போய்விடும். மத்தியானம் டூட்டி முடிந்ததும் மார்க் நோட்டைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வருவார். ஒருநாள் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, "காலைல நீங்க வர்றப்போ ரோடு எப்டி கீது பிரதர்?" என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு, எப்பவும் போல" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்?

மறுநாளும் கேட்டார். அது கேள்வி என்றே எனக்குத் தோன்றவில்லை, குசலம் விசாரிப்பதாக நினைத்தேன். நாலாவது நாள், "முடிச்சூர் தாண்டி எப்டின்னு தெரியாதில்ல உங்களுக்கு?" என்றார். வீட்டிலிருந்து எதிர்த்திசையில் கரசங்கால் ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். அடுத்த வாரம் ஐந்தரைக்கே கிளம்பி கரசங்கால்வரை மிதித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். அங்கே கறந்த பால் கிடைக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சொன்னதற்காக ஒரு பால் தூக்கும் எடுத்துப் போனேன்.

ஒருநாள் காலை ரோட்டோரப் பள்ளத்தில் கறுப்பாக எதுவோ கிடந்தது. தாண்டிப் போய்விட்டேன். பத்து மிதி மிதித்திருப்பேன், போக முடியவில்லை. திரும்பி வந்து, இறங்கி, ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். நனைந்த சாக்கு. வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா சார் தொலைச்சிட்டீங்க?" என்றார். நான் சைக்கிளில் ஏறினேன். மனசுக்குள் ஏதோ இடித்தது. நல்ல காரியம்தானே செய்கிறோம் என்று அதை அமுக்கிவிட்டேன். நோட்டில் மார்க் அழகாக இறங்கிக்கொண்டே வந்தது. முப்பது, இருபது, பத்து. "இவ்வளவு சீக்கிரம் இறங்க வாய்ப்பில்லையே" என்றார் மேடம், புருவத்தைச் சுருக்கி. நான் வாயைத் திறக்கவில்லை.

மச்சினன் கல்யாணத்துக்குத் திருவண்ணாமலை போக மூன்று நாள் லீவு போட்டேன். இரண்டாம் நாள், கேட்க ஆளில்லாத கோதண்டம், மண்ணிவாக்கத்தில் நாற்பது பேரோடு பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு, வந்த வழியே கரசங்காலை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். பாஷா விசிலடித்துக்கொண்டே பின்னால் ஓடினாராம். நான் திரும்பி வந்தபோது கோதண்டம் டிப்போவில் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் மெடிக்கல் போர்டு.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், தூக்கு எடுத்துப் போனது உட்பட. வேலை போகும் என்று நினைத்தேன். போனால் நியாயம் என்றும் நினைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கரசங்கால் போற வரைக்கும் உங்களுக்கு எத்தனை பிரதர்?"

யோசித்தேன். "எழுபது இருக்கும் மேடம்."

"சாக்குன்னு தெரிஞ்சதும்?"

"பத்து."

"மறுநாள் காலைல?"

"திரும்ப எழுபது. எழுபத்தஞ்சுகூட இருக்கும்."

அவர் ஒரு தாளில் அதைக் கோடாக வரைந்தார். ஏறி, சடாரென்று விழுந்து, முன்னைவிட உயரமாக ஏறி. பக்கத்தில் கோதண்டத்தின் பழைய கோட்டை வைத்தார். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. "இது நோயே இல்லாத ஒரு ஆளுக்கு மூணு வாரத்துல வந்திருக்கு. இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லலை" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை, ஆர்வம்தான் இருந்தது. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் எங்கள் இருவரையும் அழுக்கு ரூமில் எதிரெதிரே உட்கார வைத்தார். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். கோதண்டம் கேட்க வேண்டும், நான் 'தெரியாது' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை, இரண்டு பேருக்கும்.

"காலைல ரோடு எப்டி கீது பிரதர்?"

"தெரியாது."

"நீங்க அந்த வழியாத்தான வந்தீங்க?"

"ஆமா. ஆனா தெரியாது."

அவர் கண் கலங்கிவிட்டது. "நீங்களே இப்டி சொன்னா நான் யாராண்ட போய்க் கேப்பேன்?" என்றார். அந்த இடத்தில் எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. 'ஒண்ணும் ஆகலை, போய்யா.' மூன்றே சொல். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கோதண்டம், எத்தனை?"

"நூறு மேடம்."

"பிரதர்?"

"எண்பத்தஞ்சு."

ஐந்து நிமிஷம், பத்து, இருபது. மின்விசிறி சுற்றுகிறது, பக்கத்து அறையில் துணி அலசுகிறார்கள், நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். நாற்பதாவது நிமிஷம் அவர் ஐம்பது என்றார். நான் நேர்மையாக அறுபத்தைந்து என்றேன். கோதண்டம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிரதருக்கு என்னவிட ஜாஸ்தி கீது மேடம்" என்றார், நிஜமான அக்கறையோடு. மேடம் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

போர்டு நாள்வரை தினமும் முதலில் அதே நாற்காலிகள், அது முடிந்ததும் வேனில் கரசங்கால். வேனில் வரும்போதும் நான் எதற்கும் பதில் சொல்லக் கூடாது. இந்த நோய் துடைத்துவிட்ட மாதிரி போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பின்னாளிலும் இரண்டு மழைக்காலங்களில் அது அவரைத் தேடி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவராகவே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

போர்டுக்கு மேடத்தின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நான்தான் கூடப் போனேன். நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் வயதானவர், ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்துக்கூட ஆஸ்பத்திரி வேனை ரோட்டுல நீ ஓட்டினதா எழுதியிருக்கு."

"ஆமா சார்."

"நேத்து யாரையும் இடிக்கலைன்னு நிச்சயமா சொல்வியா?"

எங்கள் அறையில் நாங்கள் சொல்லிக்கொடுத்த பதில் 'தெரியாது'. அதை இங்கே சொன்னால் எந்த டாக்டர் அவர் கையில் பஸ்ஸைக் கொடுப்பார்? 'நிச்சயம் சார்' என்று சொன்னால் வேலை தங்கும். ஆனால் அந்த நிச்சயத்தைத் தேடித்தான் அவர் சாயங்காலமே சைக்கிளை எடுப்பார். இதை நாங்கள் ஒத்திகை பார்க்கவே இல்லை. மேடத்துக்குக்கூடத் தோன்றவில்லை.

கோதண்டம் திரும்பி என்னைப் பார்த்தார். நேற்று வேனில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். நான் தலையை ஒரு அசை அசைத்தால் போதும், டாக்டர்கள் அதைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். நான் சுவரைப் பார்த்தேன். அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த விரிசலை இப்போதும் வரைந்து காட்டுவேன்.

அவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரிஞ்ச வரிக்கும் இல்ல சார். கண்ணாடில ஒரு தபா பாத்தேன். அதுக்கு மேல எந்த டிரைவருக்கும் தெரியாது சார்."

வயதான டாக்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். ஏதோ எழுதினார். "போகலாம். ஆர்டர் டிப்போவுக்கு வரும்" என்றார்.

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். 'ஸ்டீயரிங் கெடைக்குமா பிரதர்?' என்று அவர் கேட்பார், நான் 'தெரியாது' என்று சொல்ல வேண்டும் என்று கிண்டியிலிருந்தே தயாராக இருந்தேன். பல்லாவரம் வந்தது. அவர் வாயைத் திறந்தார். "வெள்ளிக்கெயம சந்தைல இங்க காடை நல்லா இருக்கும்" என்றார். அவ்வளவுதான். எனக்குத்தான் 'கண்டிப்பா கெடைச்சிடும்' என்று சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. தாம்பரம்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

பதினைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. டிப்போவுக்குப் போய் விசாரிக்கலாம் என்று இரண்டு தடவை சைக்கிளை எடுத்தேன், இரண்டு தடவையும் ஸ்டாண்டைப் போட்டுவிட்டேன். பதினாறாவது நாள் மத்தியானம் பாஷா தோல் பையோடு மூச்சிரைக்க வார்டுக்குள் வந்தார்.

"ஆர்டர் வந்திச்சி பிரதர். காலைலயே வண்டி குட்த்துட்டாங்க."

எனக்குச் சந்தோஷத்தில் கண் கரித்தது. "அவரு எங்க? அவரே வந்து சொல்ல மாட்டாரா?" என்றேன்.

"வண்டில குந்திகினு கீறாரு. பன்னண்டு பத்துக்கு படப்பை டிரிப்பு" என்ற பாஷா, அதற்குள் பாதி வாசலைத் தாண்டியிருந்தார். "நான் வர்றேன் பிரதர், காலைலேர்ந்து ரெண்டு நிமிசம் லேட்டானாலும் என்னத் திட்டறாரு."